காற்று போகும் பக்கம்

ஸ்ரீபெரும்புதூர்
3-4-2003

தங்கை சுகப்பிரியாவுக்கு மாசானம் எழுதுவது.

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்தாகிவிட்டது. போனில் பேசினால் சண்டை வரும், அதனால்தான் கடிதம்.

அம்மா தை மாதத்திலிருந்து இங்கே என்னோடு இருக்கிறாள். நாங்குநேரி வீட்டைப் பூட்டிவிட்டோம். நேற்று கம்பெனி பஸ்ஸில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டு வந்தார். சிங்கப்பூரில் சார்ஸ் என்று ஒரு காய்ச்சல், பார்த்துக்கொண்ட நர்ஸுகளுக்கே வந்துவிட்டது என்று போட்டிருந்தது. ஷிப்ட் முழுக்க எனக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா அதற்குள் டிவியில் பார்த்துவிட்டு, அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பழைய கதையை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வராமல் இருக்கிறதா? பாளையங்கோட்டையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பூவும் தட்டுமாக வந்து இறங்கிய நேரத்தில் நீ விமானத்தில் இருந்தாய். அத்தனை பேர் முன்னால் நான் ஒருவன்தான் நின்றேன். நான் கொடுத்த காப்பியை யாரும் தொடவில்லை. தங்கை கல்யாணம் முடியாமல் அண்ணனுக்குப் பெண் பார்க்கக் கூடாது என்று அதன் பிறகு என் பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு வயதாகிறது எனக்கு. போகட்டும்.

வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு உடனே புறப்பட்டு வா. இங்கே ஆஸ்பத்திரியே இல்லையா, நர்ஸ் வேலையே இல்லையா? நான் ஒன்றும் கேட்க மாட்டேன். வந்தால் போதும்.

மாசானம்


சிங்கப்பூர்
14-4-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரித்துப் பார்த்தால் உத்தரவு. 'நீ எப்படி இருக்கிறாய்' என்று ஒரு வரி இல்லை. இருந்தாலும் கடிதத்தைத் தலையணைக்கு அடியில்தான் வைத்திருக்கிறேன்.

நான் நன்றாக இருக்கிறேன். தினம் மூன்று வேளை காய்ச்சல் பார்த்து எழுதிக் கொடுக்கிறோம். அம்மாவிடம் இதை முதலில் சொல்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீ கேட்கவே இல்லை. நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் அறையில் இருக்கிறேன். நுனியில் சின்ன கேமரா வைத்த மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்குவார் டாக்டர். தொண்டையைத் தாண்டும்போது நோயாளி இருமுவார். எவ்வளவு மருந்து தெளித்தாலும் இருமுவார். தலைமாட்டில் நின்று அவர் தாடையை உயர்த்திப் பிடித்துக்கொள்வது என் வேலை. அந்த இருமல் வந்து படுகிற தூரத்தில் என் முகம் இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு நோயாளி வந்தார். சாதாரண நிமோனியா என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வழக்கமான காகித முகமூடிதான் கட்டியிருந்தோம். அன்று தலைமாட்டு முறை என்னுடையது. எனக்குப் பல்வலி. "நீ பல் டாக்டரிடம் போ, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ரோவெனா நின்றாள். பிலிப்பைன்ஸ்காரி, என் அறைத்தோழி. ஆறாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இப்போது செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்க்க முடிகிறது. அவளுடைய செருப்பு எங்கள் அறை வாசலில் அப்படியே கிடக்கிறது, எனக்கு எடுத்து வைக்க மனமில்லை.

சார்ஸ் நோயாளிகளுக்கு மூச்சுக்குழாய் பொருத்துவதற்கும், நுரையீரல் சோதனை செய்வதற்கும் தனிக் குழு அமைக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்துவிட்டேன்.

அதனால் வர முடியாது அண்ணா. கோபித்துக்கொண்டால் இன்னொரு பதினான்கு மாதம் பேசாதே. ஆனால் இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. பெயர் கொடுத்ததை மட்டும் விட்டுவிடு.

சுகப்பிரியா


ஸ்ரீபெரும்புதூர்
23-4-2003

பிரியா,

உன் கடிதம் என் கைக்கு வருவதற்கு முன் இரண்டு நாள் வெயிலில் காய்ந்தது. வீட்டுக்கார அம்மா கிளியம்மாள் அதைத் துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். "சிங்கப்பூர் லெட்டருப்பா. தொடாதே, இன்னும் ஒரு நாளு காயட்டும். இன்னா நோவு கீதோ அதுல" என்றார். நான் பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தேன்.

அம்மா, "என்னத்த எழுதியிருக்கா, வாசில" என்றாள். வாசித்தேன். நீ விடச் சொன்னதை விட்டுத்தான் வாசித்தேன். ஆனால் என் குரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அவ தானாப் போயி நின்னிருப்பா. அவ அப்படித்தான்" என்றாள். பிறகு எழுந்து போய்ச் சோறு வடித்தாள்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதவில்லை. அதை எழுதி என்ன ஆகப் போகிறது? நீ நிற்கப் போகிறாய். அப்படியானால் சரியாக நில்.

நான் பெயின்ட் பூத்தில் ஒன்பது வருடமாக நிற்கிறவன். கார் பம்பருக்கு ஸ்பிரே அடிக்கும்போது பாதி பெயின்ட்தான் பம்பரில் ஒட்டும். மீதி காற்றில் பறக்கும், கண்ணுக்குத் தெரியாது. அது எங்கள் நெஞ்சுக்குள் போகாமல் இருக்கத்தான் பூத்தே. கூரையிலிருந்து காற்று இறங்கும், காலடியில் உள்ள கம்பி வலை வழியாகக் கீழே போய்விடும். பறக்கிற பெயின்ட்டையும் அதுவே இழுத்துக்கொண்டு போகும். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கீழே அடைத்துக்கொண்டது, யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து அலறிவிட்டேன். அன்று லைனில் ஓடியது சிவப்பு வண்டி.

அதிலிருந்து, காற்று எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்காமல் நான் ஸ்பிரே கன்னை எடுப்பதில்லை. ஊதுபத்தி கொளுத்திப் பார்ப்பேன். புகை என் பக்கம் வந்தால் நிற்கிற இடத்தை மாற்றுவேன்.

உங்கள் அறையில் காற்று எந்தப் பக்கம் போகிறது? அந்த நோயாளி இருமினால் அது எங்கே போகும்? முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வந்து, உன்னைத் தாண்டி, அவரைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு எதிராக நிற்காதே. படம் வரைந்து வைத்திருக்கிறேன், பார்.

இன்னொன்று. வேலை முடிந்து கழற்றும்போதுதான் எங்களுக்குக் கண்ணில் தூள் விழும். அவசரப்படாதே. கையுறை முதலில், உடை அடுத்தது, முகமூடி கடைசியில். நாங்கள் தலை முழுவதையும் மூடும் ஹூட் போடுகிறோம், குழாய் வழியாக நல்ல காற்று வரும். உங்களுக்கு அப்படி உண்டா?

நீ எப்படி இருக்கிறாய்?

மாசானம்


சிங்கப்பூர்
4-5-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைசி வரியைக் கடைசியிலாவது எழுதினாயே. நன்றாக இருக்கிறேன்.

ஆக்சிஜன் ஓடுகிற அறையில் ஊதுபத்தி கொளுத்தினால் என்னை அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், உன் ஆசையும் நிறைவேறிவிடும். அதனால் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து ஒரு ஸ்கேல் நுனியில் ஒட்டினேன். காலியாக இருந்த அறையில், நோயாளி தலை வைக்கும் தலையணைக்கு மேலே பிடித்தேன். நான் வழக்கமாக நிற்கிற இடத்தில்தான் நின்றேன். காகிதம் எழுந்து, நேராக என் முகத்தைக் காட்டியது.

கையை இறக்கிவிட்டு மறுபடி பிடித்தேன். மறுபடியும் என் முகம்தான். ரோவெனா நின்றது அங்கேதான் அண்ணா.

ஏசி பராமரிப்பு பார்க்கும் ரகுபதி அண்ணனைக் கூப்பிட்டேன். தஞ்சாவூர்க்காரர். ஏணி போட்டு மேலே பார்த்தார். குளிர்காற்று வரும் வாய் கட்டிலின் கால்மாட்டுக்கு மேலே இருக்கிறது, காற்றை இழுக்கும் வாய் தலைமாட்டுச் சுவரில், எங்கள் முதுகுக்குப் பின்னால். நோயாளி விடுகிற மூச்சு எங்களைத் தாண்டித்தான் வெளியே போயாக வேண்டும். "பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன் தங்கச்சி. குளிரு பத்தல, குளிரு அதிகம்னுதான் சொல்லுவாங்க. காத்து எங்க போவுதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார்.

எங்கள் வார்டு தலைமை நர்ஸிடம் போய்ச் சொன்னேன். எனக்கு வயது இருபத்தாறு, வந்து ஒன்றரை வருடம் ஆகவில்லை. அவர் மூத்த டாக்டரைக் கூட்டிவந்தார். டாக்டர் தானே ஸ்கேலை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். இடம் மாற்றி மாற்றிப் பிடித்தார். பிறகு, "இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார். "என் அண்ணன். கார் பம்பருக்குப் பெயின்ட் அடிக்கிறான்" என்றேன். உன் படத்தைக் காட்டினேன். தமிழ் எழுத்துதான், ஆனால் நீ போட்ட அம்புக்குறிகள் அவருக்குப் புரிந்தன.

அன்றே கட்டிலைத் திருப்பிவிட்டார்கள். இழுக்கிற வாய்க்குப் பெரிய விசிறி போட்டு, காற்று நேராக வெளியே போகும்படி ரகுபதி அண்ணன் இரண்டு நாளில் மாற்றினார். முன்பு அறையில் ஏழு பேர் நிற்போம், இப்போது மூன்றே பேர். சார்ஸ் நோயாளி என்றால், இருமாதபடி முழுவதும் மயங்கிய பிறகுதான் குழாயைத் தொடுகிறோம். எங்களுக்கும் ஹூட் வந்துவிட்டது. இடுப்பில் மோட்டார் கட்டிக்கொள்ள வேண்டும், காதுக்குள் வண்டு போல ஒரே சத்தம். கழற்றும்போது எதிரில் ஒருத்தி நின்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்திருக்கிறோம்.

முந்தாநாள் முதல் நோயாளி வந்தார். டாக்சி ஓட்டுகிறவர். மூச்சு முட்டி உதடெல்லாம் நீலமாக இருந்தது. ஹூட்டுக்குள்ளிருந்து நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை, மயங்குகிற வரைக்கும் என் கையை விடவில்லை. குழாய் ஒரே முயற்சியில் உள்ளே போனது. இனி பத்து நாள் எங்கள் மூவருக்கும் காய்ச்சல் வராமல் இருக்க வேண்டும். இன்றைக்கு இரண்டு முடிந்தது.

ரோவெனா அப்படியே இருக்கிறாள். மோசமாகவில்லை என்கிறார்கள்.

உன் கடிதத்தில் ஒன்று உறுத்துகிறது. 'நாங்கள் ஹூட் போடுகிறோம்' என்று எழுதியிருக்கிறாய். நாங்கள் என்றால் யார்? அந்த பூத்தில் வேலை செய்கிற எல்லோருமா? இங்கே தரை துடைக்க வருகிற அம்மாவுக்கு முதல் வாரம் யாரும் முகமூடி கொடுக்கவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

சுகப்பிரியா


ஸ்ரீபெரும்புதூர்
15-5-2003

அன்புள்ள பிரியாவுக்கு,

என்னை மூன்று நாள் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, முழுவதும் படி.

நீ கேட்டது சுருக்கென்று குத்தியது. உண்மையைச் சொன்னால், எல்லோரும் இல்லை. ஹூட் ஆறு. ஸ்பிரே அடிக்கிற நாங்கள் ஆறு பேர் கம்பெனி ஆட்கள். பெயின்ட் இறுகிக் காய்வதற்கு ஹார்டனர் என்ற மருந்தைக் கலக்குகிறவர்களும், பம்பரைத் தேய்க்கிறவர்களும் காண்ட்ராக்ட். அவர்களுக்கு முகத்தில் துண்டுதான். ஒன்பது வருடமாக என் கண் முன்னால்தான் நடக்கிறது. லைன் லீடரான நான் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. உனக்குப் படம் வரைந்து அனுப்பியவன் நான்.

கலக்குகிறவர் பெயர் சுப்பன். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாலைந்து மாதமாக அவருக்கு இழுப்பு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதிகமாகும், லீவு நாளில் குறையும். பீடிதான் காரணம் என்று நாங்கள் கேலி செய்வோம். உன் கடிதம் வந்த மறுநாள் அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் அவரால் முடிக்க முடியவில்லை.

சூப்பர்வைசர் பரசுராமனிடம் போனேன். "சார், மிக்சிங்ல நிக்கவங்களுக்கும் ஹூட் வேணும்" என்றேன்.

"அவங்க காண்ட்ராக்ட்டுப்பா. காண்ட்ராக்டர்தான் கொடுக்கணும். நீ போய் லைனைப் பாரு."

"மூச்சுக்கு ஏது சார் காண்ட்ராக்ட்டு?" என்று கேட்டுவிட்டேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. "குடுக்க வரைக்கும் நான் கன் எடுக்க மாட்டேன்."

சுப்பன் ஓடிவந்து கையைப் பிடித்தார். "எனக்கோசரம் நீ இன்னாத்துக்கு மாட்டிக்கினு... வுடு மாசானம். எனக்கு ஒண்ணியும் இல்ல" என்றார். சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. அதைப் பார்த்த மற்ற ஐந்து பேரும் கன்னைக் கொக்கியில் மாட்டினார்கள். நான் அவர்களிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. இருபது நிமிடம் லைன் நின்றது. கையில் மெமோ கொடுத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நேற்று சுப்பனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அந்த ஹார்டனர்தான் ஒத்துக்கொள்ளவில்லையாம். இப்போதே அதை விட்டு விலகினால் நெஞ்சு தேறும் என்றார். இன்னும் ஒரு வருடம் போயிருந்தால்?

விசாரணை அடுத்த வாரம். வேலை போனாலும் போகலாம். அம்மாவிடம் சொன்னேன். "ரெண்டும் ஒரே மாதிரி வந்து வாய்ச்சிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் அடித்தாள்.

உன் பத்து நாள் பன்னிரண்டாம் தேதியோடு முடிந்திருக்க வேண்டும். நாள்காட்டியில் குறித்து வைத்திருந்தேன். ஐஎஸ்டி பூத்துக்குப் போய் எண்ணை அழுத்தினேன். நீ "ஹலோ" என்றாய். உடனே வைத்துவிட்டேன். அது நான்தான். நீ நல்ல குரலில் பேசினாய், அது போதும்.

மாசானம்


சிங்கப்பூர்
1-6-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

அது நீதான் என்று எனக்குத் தெரியும். பின்னால் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஊரில் வேறு யார் என்னைக் கூப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருக்கப் போகிறார்கள்?

எங்கள் மூன்று பேருக்கும் காய்ச்சல் வரவில்லை. அதன் பிறகு இன்னும் ஒன்பது நோயாளிகளுக்குச் செய்தோம். அறையில் நின்ற ஒருவருக்கும் வரவில்லை. அந்த டாக்சிக்காரர் போன வாரம் நடந்தே வெளியே போனார். மூன்று பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் முகம் எனக்கு நினைவிருக்கிறது, அதைப் பற்றி இப்போது எழுத முடியாது.

நேற்று சிங்கப்பூரில் நோய் ஓய்ந்தது என்று அறிவித்துவிட்டார்கள். வார்டில் யாரும் கைதட்டவில்லை. தலைமை நர்ஸ் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, காலை நீட்டிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரோவெனா தானாக மூச்சு விடுகிறாள்! குழாயை எடுத்ததும் அவள் முதலில் எழுதிக் காட்டியது, 'உன் பல் எப்படி இருக்கிறது?' அங்கேயே அழுதேன்.

அண்ணா, நீ கேட்காததைச் சொல்கிறேன். நான் சிங்கப்பூர் வந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். அந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன், நீ காதில் வாங்கவில்லை. ஆனால் சொல்லாமல் வந்தேன் பார், அது தப்பு. அத்தனை பேர் முன்னால் உன்னைத் தனியாக நிறுத்தினேன். நீ தடுப்பாய் என்று பயந்து சொல்லாமல் இருக்கவில்லை. நீ அழுவாய் என்று பயந்தேன். நீ அழுதால் நான் போயிருக்க மாட்டேன்.

விசாரணை என்ன ஆயிற்று? உடனே எழுது.

சுகப்பிரியா


ஸ்ரீபெரும்புதூர்
12-6-2003

அன்புள்ள பிரியாவுக்கு,

வேலை இருக்கிறது. மெமோ பைலில் இருக்கிறது, லைன் லீடர் பதவி போய்விட்டது. பரசுராமன் சார் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஆனால் சொல்கிறேன் கேள், எட்டு ஹூட் புதிதாக வந்திருக்கிறது. கலக்குகிறவர், தேய்க்கிறவர் எல்லோருக்கும். முதல் நாள் போட்டுக்கொண்ட ஒருவர், "ஏசி ரூம்ல குந்திகினு வேல செய்யுற மாதிரி கீதுப்பா" என்றார். சுப்பனைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இழுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. நேற்று கேன்டீனில் யாரோ அவரைச் சீண்ட, பதிலுக்கு மூச்சு வாங்காமல் திட்டித் தீர்த்தார். கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நீ எழுதியதை அம்மாவுக்கு முழுவதும் வாசித்தேன், ஒரு வரியும் விடவில்லை. நீ இரண்டு தடவை சொன்னாய் என்பது உண்மை. எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். மாப்பிள்ளை நல்ல இடம், பிறகு நீ சரியாகிவிடுவாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது என் தப்பு.

அம்மா சொன்னாள், "தங்கச்சிக்கு முடிச்சாத்தான் அண்ணனுக்குன்னு எவன் எழுதி வச்சான்? ஒண்ணரை வருசமா நானும் கூறுகெட்டுப் போய் இருந்துட்டேன்." ஆவணியில் எனக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம். குன்றத்தூரில் ஒரு இடம், ஸ்கூல் டீச்சர். நீ வந்து பார்த்துச் சொன்னால்தான் நான் தலையாட்டுவேன்.

உன்னை வரச் சொல்லி இது உத்தரவு இல்லை. லீவு கிடைக்கும்போது வா. வந்து, திரும்பிப் போ.

அண்ணன்


சிங்கப்பூர்
24-8-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

லீவு உறுதியாகட்டும் என்றுதான் இத்தனை நாள் பதில் எழுதவில்லை. தீபாவளிக்கு மூன்று வாரம் கிடைத்திருக்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டேன். டீச்சரைப் பார்க்கிறேன், ஆனால் தலையாட்ட வேண்டியது நீதான். அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. இரண்டு தடவை கேள்.

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

ரோவெனா வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. அலுவலக வேலைதான் கொடுத்திருந்தார்கள். இன்று காலை நுரையீரல் சோதனைக்கு ஒரு பெரியவர் வந்தார். காசநோயாக இருக்கலாம் என்ற சந்தேகம். ஓயாத இருமல். நான் ஹூட்டை எடுக்கப் போனேன். பின்னாலேயே வந்து அவள் இன்னொன்றை எடுத்தாள்.

"தலைமாட்டுக்கு நான் நிற்கிறேன்" என்றாள்.

வேண்டாம், இன்னும் ஒரு மாதம் போகட்டும் என்றேன். "இன்று தள்ளிப்போட்டால் நாளைக்கும் தள்ளிப்போடுவேன். பிறகு இந்த அறைக்குள் வரவே மாட்டேன்" என்றாள். டாக்டரைப் பார்த்தேன். அவர் கதவருகே ஒதுங்கி நின்று, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

அவளுக்கு ஹூட்டை நான்தான் மாட்டினேன். கழுத்தைச் சுற்றி விரலை விட்டு இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தேன். மோட்டாரைப் போட்டேன். "இன்னொரு முறை பார்" என்றாள். பார்த்தேன். மூன்றாவது முறையும் கேட்டாள், மூன்றாவது முறையும் பார்த்தேன்.

தலைமாட்டில் போய் நின்றாள். பெரியவர் பயந்து போய் மேலே பார்த்தார். அவள் குனிந்து இரண்டு கையாலும் அவர் தாடையைப் பிடித்தாள். பெரியவர் இருமினார், ஒருமுறை, இன்னொரு முறை. அவள் முகத்தைத் திருப்பவில்லை. தாடையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.

"தயார்" என்றாள். டாக்டர் குழாயைக் கையில் எடுத்தார்.

உன் தங்கை,
பிரியா